சுமியேவின் கால் எட்டாத இருக்கை

ஷிகெமோரி இறந்தபின் வரும் முதல் ஓபோன் அது. இறந்தவர்கள் வீடு திரும்பும் நாள். கல்லறைக்கு வெள்ளைக் காகித விளக்கை வாங்கி வைத்துவிட்டு, அவர் மனைவி சுமியே எனக்குப் போன் செய்தார். ஹிரோஷிமாவில், பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சினுக்கென்றே பட்டறை வைத்திருக்கும் கிறுக்கன் நான்.

"ஓகிதா தம்பி, சாயங்காலத்துக்குள்ள வண்டி ஸ்டார்ட் ஆகணும். அந்தச் சத்தம் கேட்டாத்தான் அவருக்கு வீடு தெரியும்."

ஷிகெமோரி இளவயதில் கார் கம்பெனியில் அந்த எஞ்சினை உருவாக்க மல்லுக்கட்டியவர்களில் ஒருவர். ஓடவிட்டால் உள்சுவரெல்லாம் கீறல் விழும். பிசாசின் நகக்கீறல் என்பார்களாம். கீறல் நின்றபிறகுதான் அறுபத்தேழில் அந்த எஞ்சின் வைத்த முதல் இரண்டு கதவு கார் வெளியே வந்தது. பின்னால் வந்த ரோட்டரி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் உற்பத்தி இரண்டாயிரத்து இரண்டில் நின்றபோது, கடைசி வண்டிகளில் ஒன்றை வாங்கிக்கொண்டார். எஞ்சின் சூடாகாமல் அணைக்கவே மாட்டார். அணைக்கும் முன் ஆக்சிலேட்டரை மிதித்து ஒருதரம் உறும விடுவார். தெருவுக்கே அது தெரியும்.

கராஜில் சுமியே என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அவரு போறதுக்கு முந்தின நாள் இங்க பெருக்கறதுக்காக வண்டியை ரெண்டடி வெளிய எடுத்து, உடனே அணைச்சுட்டேன். திட்டுவாருன்னு அவர்கிட்ட சொல்லல. மறுநாள் காலையில நெஞ்சு வலின்னாரு. ஆஸ்பத்திரிக்கு நான் ஓட்டுறேன்னேன், கேக்கல. அவரே உக்காந்து சாவியைத் திருப்பினாரு, திருப்பினாரு, பிடிக்கவே இல்ல. ஆம்புலன்ஸ் வரும்போது ஸ்டீயரிங்ல சாஞ்சிருந்தாரு. பிசாசை ஓட்டிட்டேன்னு பீத்திக்குவாரு. அது என் கையில வந்து உக்காந்திருந்துச்சு. சொல்லுங்க, என்னாலயா?"

பிளக்குகளைக் கழற்றினேன். சூடேறாத ரோட்டரி எஞ்சினை அணைத்தால் பெட்ரோல் உள்ளே தேங்கி பிளக் நனைந்துவிடும், மறுபடி பிடிக்காது. ஆனால் அவர் போய் இந்த இரண்டு மாதத்தில் காய்ந்திருக்க வேண்டும். நான்கும் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தன.

"பேட்டரிம்மா. பழசு. உங்க மேல தப்பில்ல."

"உங்களுக்குப் பொய் சொல்லவே வரல, தம்பி."

புது பிளக், புது பேட்டரி. பத்துமுறை சாவியைத் திருப்பினேன். மூன்று தலைமுறை ரோட்டரி பார்த்தவன் நான். வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லியும் பிடிக்கவில்லை.

"எந்திரிங்க," என்று சுமியே உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கைத் தொட்டுச் சொன்னார். "நான்தாங்க. நான்தான் அணைச்சேன். பயந்துகிட்டுச் சொல்லல."

சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே பிடித்தது.

அவர் அழுதுகொண்டே இருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. சூட்டு முள் நடுவுக்கு வந்ததும், "போதும்மா, அணைங்க," என்றேன். அவர் சாவியில் கை வைப்பதற்குள் எஞ்சின் ஒருமுறை ஓங்கி உறுமித் தணிந்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

குனிந்து பார்த்தேன். ஷிகெமோரியின் நீளக் காலுக்காகப் பின்னால் தள்ளிய இருக்கை அப்படியே இருந்தது. சுமியேவின் செருப்பு ஆக்சிலேட்டர் பெடலை எட்டாமல் நான்கு விரல் தள்ளியே நின்றது.

இருக்கையை முன்னால் தள்ளித்தரப் போனேன்.

"தள்ளாதீங்க தம்பி," என்றார். "அவரு இன்னும் இறங்கல."