பன்னிரண்டு மணிக்குப் பேசுவார்

பதினொரு மணிக்கு மேல் பர்சானாவுக்குக் கை ஓடுவதில்லை. மடியில் சுளவு இருக்கும், சுளவில் புகையிலைத் தூளும் வெட்டி வைத்த இலையும் இருக்கும், கண் மட்டும் டி.வி.யில் இருக்கும். பீடி சுற்றுகிறவளுக்குக் கண் எங்கே இருந்தாலும் விரல் தன் பாட்டுக்கு ஓடும் என்பது சீரியல் பார்க்கும்போது உண்மைதான். பாராளுமன்றம் பார்க்கும்போது விரலும் சேர்ந்து நின்றுவிடுகிறது.

டி.வி. பக்கத்து வீட்டு இசக்கிச்செல்வியுடையது. இருவரும் தென்காசியில் ஒரே கடைக்குப் பீடி சுற்றுகிறவர்கள். இசக்கிச்செல்வி மூத்தவள், வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். அவள் வீட்டு டி.வி.யில் காலையில் பழைய படம் ஓடுவதுதான் வழக்கம். பர்சானாவுக்காக இப்போது டெல்லி ஓடிக்கொண்டிருந்தது.

பர்சானாவின் புருஷன் முகம்மது சலீம் சவூதியில் ஒரு கட்டிடக் கம்பெனியில் கம்பி கட்டுகிற வேலைக்குப் போனவன். கம்பெனி இழுத்து மூடிவிட்டது. முதலாளி எந்த ஊரில் இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. ஆட்களுடைய பாஸ்போர்ட்டெல்லாம் அவன் பெட்டியில் மாட்டிக்கொண்டன. அங்கே தங்குவதற்கான அட்டையும் காலாவதியாகிவிட்டதால் தொழிலாளர் கேம்பில் கிடந்தவர்களுக்கு வெளியே தலைகாட்டப் பயம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். சலீமுக்குச் சர்க்கரை. வேலை நின்ற வாரத்தில் வலது காலில் கம்பி குத்தியது ஆறவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் அட்டையைக் கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள்.

தினமும் விடிந்ததும் அந்தக் காலைப் படம் எடுத்து போனில் அனுப்புவான். முதலில் கட்டைவிரல் கறுத்தது. பிறகு பக்கத்து விரல். பர்சானா அதைப் பெரிதாக்கிப் பார்ப்பாள், நேற்றையதோடு ஒப்பிடுவாள், இசக்கிச்செல்வியிடம் காட்டுவாள். இசக்கிச்செல்வி வெளிச்சம் சரியில்லாமல் எடுத்திருக்கிறான், அதுதான் அப்படித் தெரிகிறது என்பாள். பர்சானாவும் அதை நம்பப் பார்ப்பாள்.

பர்சானா மனுவோடு போன எம்.பி. ஆபீஸில் முத்துக்குமாரசாமி என்று ஓர் உதவியாளர். நல்ல மனுஷன், வருகிறவர்களுக்கு ஸ்டூல் போடச் சொல்லுவார். தூதரகத்துக்கு எம்.பி. கடுதாசி எழுதியிருக்கிறார், அது கடுதாசியோடு கடுதாசியாகக் கிடக்கும், அவையில் எழுந்து பேசினால் மட்டும் கதையே வேறு என்று அவர்தான் விளங்கவைத்தார்.

"பன்னெண்டு மணிக்கு ஜீரோ ஹவர்னு ஒண்ணு இருக்கும்மா. அவசரமான பிரச்சினைய அதுலதான் சொல்லணும். சீட்டுக் குலுக்கித்தான் பேரு எடுப்பாங்க. நாளைக்கு நம்ம எம்.பி. பேரு விழுந்திருக்கு. மந்திரி எதுத்தாப்புலயே இருப்பாரு. காதுல விழுந்துட்டா தூதரகத்துக்காரன் ஓடி வருவாம்மா."

அன்று வீடு வரும் வழியெல்லாம் சாரல் அடித்தது. சீசன் நேரம், குற்றாலத்துக்குப் போகிற வேன்களில் ஈரத்துண்டு பறந்தது. பர்சானா நனைந்தபடியே நடந்தாள். சலீமுக்கு அன்றே போன் போட்டு, நாளை பன்னிரண்டு மணிக்குப் பேசுவார் என்று சொல்லிவிட்டாள். கேம்பில் கைதட்டியது இங்கே கேட்டது.

மறுநாள் இருவரும் நேரத்துக்கு முன்பே உட்கார்ந்தார்கள். அவைத்தலைவர் வந்தார். எல்லோரும் எழுந்தார்கள். அதற்கப்புறம் பாதிப்பேர் உட்காரவே இல்லை. கோஷம் எழுதிய அட்டைகளைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்து கத்தினார்கள். எதிரில் இருந்தவர்கள் உட்கார்ந்தபடியே கத்தினார்கள். தலைவர் கையைக் காட்டினார், மணியைத் தட்டினார், பன்னிரண்டு வரை ஒத்திவைத்துவிட்டு எழுந்து போனார். பன்னிரண்டுக்கு ஆள் ஆளாக எழுந்து ஏதோ காகிதங்களை வைத்தார்கள். மறுபடியும் கத்தல், இரண்டு மணி வரை ஒத்திவைப்பு. இரண்டு மணிக்கு ஒரு மந்திரி சட்டம் ஒன்றை வாசித்தார். அவர் வாசித்தது அவருக்கே கேட்டிருக்காது. தலைவர் இரண்டு தடவை ஏதோ கேட்டார், கூட்டத்தில் ஒரு பக்கம் ஓவென்றது, சட்டம் நிறைவேறிவிட்டது என்று கீழே எழுத்து ஓடியது. அதற்குள் இசக்கிச்செல்வி ஒரு கட்டு பீடிக்குக்கூட நூல் சுற்றி முடித்திருக்கவில்லை.

"பள்ளிக்கூடத்துல வாத்தியாரு வராட்டிகூட இம்புட்டுச் சத்தம் கேக்காதுட்டி" என்றாள் அவள்.

அடுத்த நாள் எம்.பி.யை முதலில் கூப்பிடுவார்கள் என்று பர்சானா நினைத்திருந்தாள். ரேஷன் கடையில் சரக்குத் தீர்ந்துபோனால் மறுநாள் அந்த வரிசைக்குத்தானே முதலில் கொடுப்பார்கள். முத்துக்குமாரசாமி தலையைச் சொறிந்தார். அன்றைய சீட்டு அன்றோடு போயிற்று, இனி புதிதாக எழுதிக் கொடுக்கவேண்டும், குலுக்கலில் மறுபடி விழவேண்டும் என்றார். பேசாமல் போனது எம்.பி.யின் குற்றமில்லையே என்று பர்சானா கேட்டாள். டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

நாட்கள் இப்படியே போயின. ஒருநாள் இறந்துபோன பழைய உறுப்பினர்களுக்காக எழுந்து நின்றார்கள். ஒருநாள் விளையாட்டில் ஜெயித்தவர்களுக்கு மேசையைத் தட்டினார்கள். ஒருநாள் தங்களுக்குள் யார் யாரை என்ன சொன்னார் என்பதே பொழுதாகப் போயிற்று. பெயர் ஒரு நாள் விழும், அன்றைக்கு அவை நடக்காது. அவை கொஞ்சம் நடக்கும், அன்றைக்குப் பெயர் விழுந்திருக்காது. பர்சானாவுக்கு இந்தி தெரியாது, ஆனால் ஒத்திவைக்கப் போகிறார்கள் என்பது தலைவர் கண்ணாடியைக் கழற்றும்போதே தெரிந்துவிடும்.

சாரலில் பீடி காயவில்லை. அவளுடையதில் பாதியை நமுத்துப்போனது, தளர்ச்சியாகச் சுற்றியது என்று கடையில் கழித்துப் போட்டார்கள். இசக்கிச்செல்வி சண்டை பிடித்துப் பார்த்தாள், பிறகு தன் கட்டுகளில் சிலதைச் சத்தமில்லாமல் இவள் கட்டுகளோடு சேர்த்து வைக்க ஆரம்பித்தாள். பர்சானா அதைக் கவனித்தாள். கவனித்ததாகக் காட்டிக்கொள்ள அவளுக்கு அப்போது தெம்பு இல்லை.

கடைசி வாரத்தில் ஒருநாள் அவை அதிசயமாக அமைதியாக இருந்தது. முத்துக்குமாரசாமி போனில் கூப்பிட்டு, இன்று பெயர் இருக்கிறது, கட்சிகளுக்குள் ஏதோ சமாதானம் ஆகியிருக்கிறது என்றார். பர்சானா சலீமுக்கு வீடியோ கால் போட்டு, போனை டி.வி.க்கு எதிரே சொம்பில் சாய்த்து வைத்தாள். கேம்பில் பத்துப் பதினைந்து தலைகள் ஒரே போனை எட்டிப் பார்த்தன. ஒருவர் தன் ஊரில் ரயில் நிற்காததைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் பாலத்தைப் பற்றி. ஓர் அம்மா யானைகளைப் பற்றி. பிறகு எம்.பி.யின் பெயரைத் தலைவர் கூப்பிட்டார்.

அவர் எழுந்தார். முன்னால் மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. தமிழிலேயே பேசினார்.

"மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே, என் தொகுதியைச் சேர்ந்த முகம்மது சலீம் உள்ளிட்ட..."

பர்சானாவின் கை இசக்கிச்செல்வியின் முழங்காலைப் பிடித்தது. அந்த நேரம் பார்த்து எம்.பி.க்கு இரண்டு வரிசை தள்ளி ஒருவர் எதிர்ப்பக்கத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று யாருக்கும் விளங்கவில்லை. எதிர்ப்பக்கம் மொத்தமும் எழுந்துவிட்டது, இந்தப் பக்கமும் எழுந்தது. எம்.பி. காகிதத்தைக் கண்ணருகே பிடித்து வாசித்துக்கொண்டேதான் இருந்தார், வாய் அசைந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பேரு சொன்னாருல்லா?" என்றான் சலீம் போனில். "எம் பேரத்தான சொன்னாரு?"

"சொன்னாரு மச்சான்."

"அது போதுமா?"

போதாது என்று அன்று மாலையே முத்துக்குமாரசாமி சொல்லிவிட்டார். பிரச்சினை இன்னதென்று குறிப்பில் ஏறவில்லை. பெயர் மட்டும் ஏறியிருக்கிறது, அதற்குப் பிறகு குறுக்கீடு என்று போட்டிருக்கிறார்கள்.

கூட்டத்தொடரின் கடைசி நாளன்று வந்த படத்தைப் பர்சானா யாரிடமும் காட்டவில்லை. கறுப்பு இப்போது பாதத்தின் பாதிக்கு வந்திருந்தது. கேம்பில் ஆஸ்பத்திரி வேலை பார்த்த மலையாளத்துக்காரன் ஒருவன் இருந்தான். கணுக்காலைத் தாண்டுவதற்குள் ஊர்போய்ச் சேர்ந்தால் காலைக் காப்பாற்றலாம், தாண்டிவிட்டால் காலா உயிரா என்றுதான் பார்க்கவேண்டும் என்று அவன் சொன்னதைச் சலீம் சிரித்துக்கொண்டே சொன்னான். வெந்நீர் வைக்கப் போன பர்சானா அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றாள்.

எம்.பி.யின் பெயர் அன்றும் விழுந்திருப்பதாக முத்துக்குமாரசாமி சொல்லியிருந்தார். கடைசி நாள், சண்டை இருக்காது என்று பேசிக்கொள்கிறார்களாம். பதினொரு மணிக்குச் சண்டை இருந்தது. பன்னிரண்டு வரை ஒத்திவைத்தார்கள். இசக்கிச்செல்வி சுளவைக் கீழே வைக்காமலே எட்டி டி.வி. சத்தத்தைக் கூட்டினாள். பர்சானா போனைச் சொம்பில் சாய்த்தாள்.

பன்னிரண்டுக்கு அவைத்தலைவர் வந்து உட்கார்ந்தார். யாரும் நடுவில் வரவில்லை. அட்டை இல்லை, கத்தல் இல்லை. அவர் ஒரு நீளமான தாளை எடுத்து வாசித்தார். இந்தியில் வாசித்தாலும் நடுநடுவே இங்கிலீஷ் எண்கள் வந்தன, ஹவர்ஸ் ஹவர்ஸ் என்று ஏதோ வந்தது.

"என்னட்டி கணக்கு வாசிக்காரு?"

"தெரியலக்கா. சத்தமே இல்ல பாத்தியளா. இன்னைக்குப் பேச விட்டுருவாங்க."

வாசித்து முடித்து அவர் எழுந்தார். அவை முழுவதும் எழுந்தது. இத்தனை நாள் பார்த்ததில் அத்தனைபேரும் வாயை மூடிக்கொண்டு நிற்பது இதுதான் முதல் தடவை. பாட்டு ஒன்று தொடங்கியது. சொல் இல்லை, வாத்தியம் மட்டும். கேமரா வரிசை வரிசையாகப் போனது. நாலாவது வரிசையில் எம்.பி. கைகளைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்றார்.

இசக்கிச்செல்விக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கூட்டம் முடிகிறபோதுதானே இப்படி எழுந்து நிற்பார்கள் என்றாள். பர்சானா காது கொடுத்துக் கேட்டாள். பள்ளிக்கூடத்திலும் சரி, ஊர்க் கூட்டத்திலும் சரி, முதலில் தமிழ்த்தாய் வாழ்த்து, முடிவில் ஜனகணமன. அவள் பார்த்த எந்தக் கூட்டமும் இதில் மாறியது கிடையாது.

"இது ஜனகணமன இல்லக்கா. முடியுததுக்கு அதான போடணும்? இது வேற பாட்டு. தொடங்குதாங்க."

சொல்லும்போதே அவளும் எழுந்துவிட்டாள். சுளவு சரிந்து இலையும் தூளும் தரையில் கொட்டின. இசக்கிச்செல்வியும் பீடிக்கட்டை மடியிலிருந்து தள்ளிவிட்டு எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். பர்சானா போனை எடுத்து டி.வி. பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"மச்சான், பாட்டுப் போட்டாச்சி. எல்லாரும் நிக்காங்க. நம்ம எம்.பி.யும் நிக்காரு. பாட்டு முடிஞ்சதும் பேசுவாரு."

"எந்திரிங்கலே" என்று சலீம் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்வது கேட்டது. இரும்புக் கட்டில்கள் கிறீச்சிட்டன. கேம்பில் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசியாகச் சலீம் மேல்கட்டிலின் கம்பியைப் பிடித்துத் தன்னைத் தூக்கினான். துணி சுற்றிய கால் தரையில் படாமல் தொங்கியது. முகம் வேர்த்திருந்தது. மலையாளத்துக்காரன் தோள் கொடுக்க வந்தான், சலீம் வேண்டாம் என்று தலையசைத்தான்.

பாட்டு முடிந்தது. தலைவர் எல்லாப் பக்கமும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள், நேற்று அடித்துக்கொள்ளப் போனவர்கள் கைகுலுக்கினார்கள், தோளில் தட்டிக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தார்கள். எம்.பி. தன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பச்சை இருக்கைகள் மட்டும் தெரிந்தன, கூட்டத்தொடர் முடிந்தது என்று கீழே எழுத்து ஓடியது. சீருடை போட்ட ஒருவர் மேசை மேசையாகப் போய்க் கிடந்த தாள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

இசக்கிச்செல்வி பர்சானாவின் முகத்தைப் பார்க்காமல் குனிந்து இலைகளை அள்ள ஆரம்பித்தாள்.

"பர்சானா, பாட்டு முடிஞ்சிட்டுல்லா" என்றான் சலீம். கம்பியைப் பிடித்தபடியே அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். "பேச ஆரம்பிச்சிட்டாரா? இங்கன ஒண்ணும் கேக்கல. போனக் கொஞ்சம் கிட்டப் புடி."