கொழும்புக்குப் போன இரத்தம்

அறுபத்தெட்டில் மலேரியா திரும்பி வந்தபோது மூதூர்க் கொசுக்கள் கோழிக்குஞ்சு அளவில் இருந்தன. நம்பாதவர்கள் சிட்டுக்குருவி அளவென்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் என்னால் குறைக்க முடியாது. நான் அப்போது திருகோணமலையில் கர்ப்பிணிகள் கிளினிக்கில் மருத்துவிச்சி. வளைகுடாவைக் கடந்து லோஞ்சுப் படகில் வரும் மூதூர்ப் பெண்கள் கதிரையில் உட்கார்ந்து நடுங்கினால், கட்டடமும் சேர்ந்து நடுங்கும்.

அப்படி நடுங்கி எழும்பியவள்தான் றம்லா. தலைப்பிள்ளை, ஆறு மாதம். எல்லாருக்கும் எடுப்பதுபோல எடுத்த இரத்தத்தில், உடலுறவால் தொற்றும் மேகநோய் இருப்பதாக முடிவு வந்தது.

டொக்டர் நல்ல மனிதர். ஆனால் அவர் ரகசியம் பேசினால் கிண்ணியாவுக்குக் கேட்கும். திரைக்கு உள்ளே வைத்து றம்லாவிடம் சொன்னார்: "பயப்பிடாதேங்கோ. மலேரியா வந்துபோன உடம்பு, வயித்தில பிள்ளையும் இருக்கு. இந்தச் சோதனை சிலவேளை இல்லாததையும் இருக்கெண்டு காட்டும். கொழும்புக்கு அனுப்பி வேற சோதனை செய்விப்பம். பிள்ளைக்குக் காவலா இப்பவே ஊசியும் போடுவம். புருஷனையும் வந்து இரத்தம் குடுக்கச் சொல்லுங்கோ."

திரைக்கு வெளியே இருந்த தகப்பன் அபூதாஹிருக்கு எல்லாமே கேட்டது. அவர் பிடித்துக்கொண்டது ஊசியையும் புருஷனையும் மட்டும்.

"நோய் இல்லாட்டி ஏன் மிஸ்ஸி ஊசி?" என்று என்னைப் பிடித்துக் கேட்டார்.

"காவலுக்குத்தான் காக்கா," என்றேன், அண்ணன் முறை வைத்து.

"கப்பலடியில நிக்கிறவன்ட சங்கதி எனக்குத் தெரியாதா?"

மருமகன் ஜெமீலுக்குத் துறைமுகத்தில் இழுவைப்படகில் வேலை. அவர்மேல் பழி போட ஊருக்கு அதுவே போதுமாக இருந்தது.

மூதூரில் வீடு பெண்ணுக்குக் கொடுப்பது. மாப்பிள்ளைதான் வந்து சேர்பவர். அவரை அனுப்ப வழக்கும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். சனிக்கிழமை ஜெமீல் வந்தபோது அவருடைய தகரப்பெட்டி வேலிப் படலைக்கு வெளியே இருந்தது.

றம்லா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாளாம்: "மச்சான், வாப்பா சொல்றது மெய்யா?"

"நீ என்ன நினைக்கிறாய்?"

அவள் வாய் திறக்கவில்லை. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குதுறைக்கு நடந்தார். அந்தப் பெட்டியைப் பார்க்கத் தோப்பூரிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள் என்பேன்.

திங்கட்கிழமை ஜெமீல் கிளினிக்குக்கு வந்து இரத்தம் எடுக்கக் கையை நீட்டினார். அவருடைய முடிவு சீக்கிரமே வந்துவிட்டது. ஒன்றுமில்லை.

என் சந்தோஷம் ஒருநாள்கூட நிற்கவில்லை. ஊர்க்கதை லோஞ்சை முந்திக்கொண்டு வளைகுடாவைக் கடந்தது: அவனிடம் இல்லாதது அவளுக்கு எங்கிருந்து வந்தது?

அடுத்த கிளினிக்குக்கு றம்லா தனியாக வந்தாள். முக்காடு மூக்குவரை இறங்கியிருந்தது.

"வாப்பா என்னோட கதைக்கிறல்ல மிஸ்ஸி. உம்மா சோத்தை வெச்சிட்டுப் போறா. கொழும்பில இருந்தும் இருக்கெண்டு வந்தா நான் எங்க போற?"

எனக்குச் சிரிப்பு வராத நாட்கள் மிகக் குறைவு. அது அப்படியொரு நாள். அவளைத் திரைக்குப் பின்னால் படுக்கவைத்துவிட்டுத் திரும்பினேன். வாசலில் ஜெமீல் நின்றார், தோளில் தகரப்பெட்டி.

"என்ட இரத்தத்தைக் காட்டி அவளை அடிக்கிறானுகள் மிஸ்ஸி. பின்னேர லோஞ்சில வீட்ட போறன்."

"கொழும்பு முடிவு இன்னும் வரேல்லையே, தம்பி."

"அது வரட்டும், வராமப் போகட்டும். அவள் காய்ச்சல்ல நடுங்கேக்க போர்வை போட்டது நான். எனக்கு அது போதும்."

அந்தத் திரை எந்தக் கதையையும் தடுத்ததில்லை. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. றம்லா திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"லோஞ்சு போயிரும், வா," என்றார் ஜெமீல்.

படலையில் அபூதாஹிர் மறித்தாராம். "உன்ன ஆரு வரச் சொன்ன?"

"ஆரும் சொல்லல்ல மாமா." பெட்டி உள்ளே போனது.

கொழும்பு முடிவு வர மேலும் சில கிழமைகள் ஆயின. நோய் இல்லை. நானே லோஞ்சேறிப் போய்ச் சொன்னேன். அபூதாஹிர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றது வெருகல்வரை கேட்டிருக்கும். றம்லா மட்டும் சிரிக்கவில்லை.

"அவர் இதுக்கு முந்தியே வந்திட்டார் மிஸ்ஸி. பெட்டி வெளிய கிடந்த அண்டைக்கு நான்தான் ஒரு சொல்லும் சொல்லல்ல."

கட்டிலுக்குக் கீழிருந்து தகரப்பெட்டியை இழுத்துத் திறந்தாள். ஜெமீலின் சாரங்களுக்கு நடுவே, பிள்ளைக்கென்று அவள் தைத்த குட்டிச் சட்டைகள் இருந்தன.

"இனி ஆராவது இதைத் தூக்கி வெளிய வெச்சா, புள்ளைட உடுப்பும் சேந்து போகும்," என்று சொல்லிப் பெட்டியை மூடினாள்.