மூர்களின் தூதன்

எலியெஸ் மொன்லோரின் நுரையீரல் கெட்டிருப்பது ஜனவரியிலேயே தெரிந்துவிட்டது. வெடிமருந்துப் புகை இருக்கும் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். அவன் நேராக விழாக் குழுத் தலைவர் ரஃபெலிடம் போனான்.

அந்தக் காலத்து முஸ்லிம் படையான மூர்களும் கிறிஸ்தவர்களும் கோட்டைக்காகப் போட்ட சண்டையைத் துப்பாக்கி வேட்டோடு நடித்துக் காட்டும் எங்கள் ஏப்ரல் திருவிழாவில், பதினேழு வருஷமாக மூர்களின் தூதன் அவன்தான். சதுக்கத்தின் கடைசி பால்கனிக்கும் கேட்கிற குரல்.

"இந்த ஒரு வருஷம் பண்ணிடு எலியெஸ். உன்னை விட்டா எவன் இருக்கான்?" என்றார் ரஃபெல்.

மதுக்கடையிலும் மில்லிலும் அதே பேச்சு. மனைவி மிலாக்ரெஸ் மட்டும், "முடியாதுன்னு சொல்ல உனக்கு வாயில்லையா?" என்று சண்டை பிடித்தாள். வாய் இருந்தது. மூன்று முறை சொன்னான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திருவிழாவின் மூன்றாம் நாள் பிற்பகல் மரக்கோட்டையின் உச்சியில் நின்றான். கீழே குதிரைமேல் கிறிஸ்தவத் தூதனாக மிலாக்ரெஸின் தம்பி தொமெனெக். காலையில் சுட்ட புகையே இன்னும் தொண்டையைக் கரித்தது. கம்பளி அங்கியும் தோல் கவசமும் நெஞ்சை அழுத்தின. இறங்குவதற்கு ஒரே ஒரு படிக்கட்டு. அதில் துப்பாக்கிக்காரர்கள் குழலில் வெடிமருந்தைக் கிட்டித்தபடி நெருக்கி நின்றார்கள்.

"கொஞ்சம் வழி விடுங்கப்பா."

"எங்க போற? உன் வசனம் இப்பதான்!" என்று சிரித்து அவனை முன்னே தள்ளினார்கள்.

சரணடைய மறுக்கும் வசனம். நாலாவது வரியில் மூச்சு நின்றது. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டான்.

"தொமெனெக், மூச்சு விட முடியலடா. என்னைக் கீழ இறக்கு."

சதுக்கமே கைதட்டலில் அதிர்ந்தது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

தொமெனெக் குதிரையிலிருந்து குதித்தான். "சுடாதீங்க! அத்தானுக்கு நிஜமாவே முடியல!" அதற்கும் கைதட்டினார்கள். வேட்டு தொடங்கிவிட்டது. புகைக்குள் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு மேலே ஏறி, அவனைத் தோளில் போட்டு இறக்கினான். மூரைச் சுமந்து வரும் கிறிஸ்தவனுக்குக் கூட்டம் ஆரவாரத்தோடு வழிவிட்டது.

நாலு நாள் கழித்து ரஃபெல் பூங்கொத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"அழுதுட்டேன்யா! அந்த வரியை வசனத்திலேயே சேர்த்தாச்சு. அடுத்த வருஷமும் அப்படியே சொல்லணும்."

"வெளிய போங்க," என்றாள் மிலாக்ரெஸ்.

"பாவம், தூக்கமில்லாம இருக்கா," என்று ரஃபெல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

எலியெஸ் ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றப் போனான். நர்ஸ் ஓடிவந்து அவன் கையைப் பிடித்து, வாரை இறுக்கினாள்.

"பேசவே கூடாது நீங்க."