சம்பந்தியோடு ட்ரவுட் பிடிக்கப் போனது

பிழை மயூராவுடையது. நிச்சயதார்த்த விருந்தில் மாப்பிள்ளையின் தகப்பன் நைஜல் எனக்கு என்ன விருப்பம் என்று கேட்டார். சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, "எனக்கு மீன் எண்டால் நல்லாப் பிடிக்கும்" என்றேன். லண்டனில் பிறந்த என் மகள் மயூரா அதை, "அம்மா நன்றாக மீன் பிடிப்பா" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள்.

திருத்தியிருக்கலாம். அந்தளவு ஆங்கிலம் எனக்குத் தெரியும். ஆனால் ஆறு மாதமாக அந்த மனிதர் என்னோடு பேசியதெல்லாம் நான் பொரித்துக் கொடுத்த ரோல்ஸ் நன்றாக இருந்தது என்பது மட்டும்தான். அன்றுதான் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார். நாற்பது வருடமாக ஆற்றில் தூண்டில் போடுகிறவராம்; என்னையும் வரச் சொன்னார். என்னை அவர் ஆவலோடு பார்த்த பார்வையை நானே எப்படிக் கெடுப்பது?

ஆகவே ஏப்ரல் முதலாம் திகதி, ட்ரவுட் மீன் பிடிக்கும் பருவம் தொடங்கும் நாளில், வால்தம்ஸ்டோவிலிருந்து ஊரைக் குறுக்கே கடந்து போய், வாண்டில் ஆற்றில் இடுப்புயர ரப்பர் காற்சட்டையோடு நின்றேன். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் சம்பந்தியிடம் பொய்க்காரி என்று பெயரெடுக்கக் கூடாது.

"அம்மா, உங்களுக்கு உண்மையா இது தெரியும்தானே?" கரையிலிருந்து மயூரா கேட்டாள்.

"ஓம். பேசாமல் இரு."

தூண்டில் நுனியில் இறகாலும் நூலாலும் கட்டிய பொய்ப் பூச்சி. முதல் வீச்சில் அது மரத்தில் ஏறியது. இரண்டாவதில் நைஜலின் தொப்பியைக் கழற்றியது. குளிர்காலத்தில் கை பழக்கம் விட்டுப்போயிருக்கும் என்று அவர் ஆறுதல் சொன்னார். மூன்றாவதில் என் சால்வை மாட்டியது.

"ஒண்டாவது பிடிபட்டதே!" என்றாள் மயூரா.

கடைசியில் நைஜலுக்குத்தான் மீன் கிடைத்தது. சிவப்புப் புள்ளி போட்ட கபில நிற மீன். தூண்டில் முள்ளை மெல்லக் கழற்றினார். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்களாம்; பருவத்தின் முதல் மீனை விடும் மரியாதை எனக்காம். கையை நனைத்து, மீனின் வயிற்றடியில் தாங்கி, நீரில் விட வேண்டும்.

கையை நனைத்தேன். தாங்கினேன். அதுவரைக்கும் சரி. பிறகு பெருவிரல் தன்பாட்டில் போய்ச் செவுளைத் தூக்கியது. உள்ளே நல்ல சிவப்பு. வயிற்றையும் அமத்திப் பார்த்தேன்.

"நல்ல உடன் மீன், பழசில்லை" என்று என் வாய் சொன்னது.

"என்ன செய்கிறீர்கள்?" நைஜல் அலறினார். மீன் துள்ளி ஆற்றில் விழுந்து ஓடிவிட்டது.

"அம்மா, இது கடை இல்லை!" மயூரா வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு புல்லில் இருந்துவிட்டாள். அவளிடம் மொழிபெயர்ப்பு எதிர்பார்க்க ஏலாது.

"நைஜல், ஐ டோன்ட் கேட்ச்" என்றேன். "ஐ ஒன்லி பை." வாங்க மட்டும்தான் தெரியும்.

"ஒருமுறைகூடப் பிடித்ததில்லையா?"

"நோ."

"பிறகு ஏன் வந்தீர்கள்?"

காலுக்குக் கீழே கூழாங்கல் நழுவியது. "யூ ஆஸ்க்ட் மீ" என்றேன். கூப்பிட்டார், வந்தேன். அதைவிட நீளமான காரணம் தமிழிலும் என்னிடம் இருக்கவில்லை.

அவர் நூலைச் சுற்றினார். கல்யாணமே நின்றுவிட்டது என்று நினைத்தேன். பிறகு கரையேறி, புல்லில் அமர்ந்து, ஒரு பெட்டியைத் திறந்தார். அறுபது எழுபது பொய்ப் பூச்சிகள்.

"நல்லது. அப்படியென்றால் முதலிலிருந்து தொடங்குவோம்."

முதல் என்றால், மீன் தின்னும் பூச்சியின் முட்டை. இருபது நிமிடத்தில் மயூரா கோப்பி வாங்கப் போனவள் திரும்பவில்லை. மத்தியானம் ஆகியும் நாங்கள் மூன்றாவது பூச்சியில் நின்றோம். புல்லில் குந்தியிருந்து என் கால் இரண்டும் விறைத்துவிட்டன. குறித்துக்கொண்டால் நல்லது என்று நைஜல் ஒரு கொப்பியும் பென்சிலும் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன்.