கோ கரடி

வீடியோ கடை சாதிக் பாட்சா ஒரு வட்டை எடுத்து நீட்டினார்.

"பிள்ளைக்கு இதப் போட்டுக் காட்டு, ஷாநவாஸ். அந்தப் பழைய வாத்து, கரடி பொம்மைப் படம் இருக்குல்ல? அதையே இப்ப நிஜ மிருகத்தை வச்சு எடுத்திருக்கான். கரடி அசல் உன்னை மாதிரியே உர்ருன்னு இருக்கும்."

ஷாநவாஸ் சிரிக்கவில்லை. மனைவி ஹுஸ்னாவை அடக்கம் செய்த நாள் முதல் அவன் முகம் எதற்கும் அசைவதில்லை.

வட்டைப் பார்த்ததும் மகள் இன்ஷா குதித்தாள். "டிவிதான் சரியாயிடுச்சே. இனி உம்மா சத்தம் வரும்ல வாப்பா?"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை காலம் அந்த டிவியில் படம் மட்டும்தான், சத்தம் கிடையாது. ஹுஸ்னா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து மிருகங்களுக்குத் தமிழில் பேசுவாள், பர்மியச் சொற்கள் கலந்து. வேலைவிட்டு வந்து உள்ளே சாப்பிடும் அவனுக்கு முணுமுணுப்பு மட்டும் கேட்கும். குழந்தையோ உம்மாவின் குரல் டிவியிலிருந்தே வருவதாக நினைத்திருக்கிறாள். வீட்டின் மௌனம் தாங்காமல் நேற்றுதான் அவன் டிவியைப் பழுது பார்த்தான்.

இல்லையம்மா என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வட்டை டிவி மேல் வைத்துவிட்டு நகர்ந்தான்.

மக்ரிப் தொழுகைக்குப் பிறகு கரண்ட் வந்தது. திரையில் நிஜ வாத்து அலகைத் திறந்தது. இங்கிலீஷ்.

இன்ஷா டிவியில் காதை வைத்துப் பார்த்தாள். "இது யாரு? சத்தத்தை நிறுத்துங்க வாப்பா."

நிறுத்தினான். அவள் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. மெல்ல வந்து அவன் மடியில் ஏறி, முதுகைச் சாய்த்துக்கொண்டாள். அப்படியே காத்திருந்தாள். ஹுஸ்னா மாதிரி பேச அவனால் முடியவில்லை.

வாத்தின் சோற்றுக்குக் கரடி வந்து நின்றது. இன்ஷாவே குரலை உயர்த்தினாள்.

"வாங்க கோ கரடி! திங்க மட்டும் வாய் இருக்கு. ரெண்டு வார்த்தை பேசினா முத்தா உதிர்ந்துடும்?"

ஹுஸ்னா சோறு போடும்போதெல்லாம், பர்மியர் ஆண்களை அழைக்கும் அந்தக் 'கோ'வோடு, அவன் வாங்கிக்கொண்ட ஏச்சு. அதே இழுப்பு.

"கரடி என்ன சொல்லும்?" என்றான்.

"நீங்க சொல்லுங்க."

திரையில் கரடி வாயசைத்தது. அவனும் வாயைத் திறந்தான். ஹுஸ்னாவின் பெயர் வெளியே வரவில்லை.

இன்ஷா தலையாட்டினாள்.

"அதேதான் வாப்பா. கரடிக்கு மட்டும் உம்மா பேசவே மாட்டாங்க."