நாற்பத்திரண்டாவது ஆள்

1991 டிசம்பர் 29, பகல் ஒரு மணி. நீகாதா, தொலைக்காட்சி நிலையத்தின் இரண்டாம் மாடி, எடிட்டிங் அறை. உள்ளே இருந்தவர்கள்:

தயாரிப்பாளர் தாஜிமா.
எடிட்டர் ஹனவா, கையில் பாதி கடித்த சோற்றுருண்டையுடன்.
தகவல் சரிபார்க்கும் குசுமி, வயது ஐம்பத்துமூன்று.
அந்த வருடம் செத்துப்போன பிரபலங்கள் நாற்பத்தொரு பேர், நாடாவில், ஆளுக்குப் பன்னிரண்டு விநாடி.
பாடகர் இசோபே தொகுஜிரோ, நாற்பத்திரண்டாவதாக. செத்துவிட்டதாகச் சொல்லப்படுபவர்.

கடைசி ஆள்தான் தகராறு.

"கார்டு இருக்குல்ல? அப்புறம் என்னங்க?" என்றார் தாஜிமா. குசுமியைவிட ஒன்பது வயது இளையவர். கோபம் வரும்போது மட்டும் அவளிடம் பேசுகிற பேச்சில் மரியாதை கூடும்.

கார்டு மேசைமேல் கிடந்தது. சாம்பல் நிறக் கரை. துக்கத்தில் இருப்பதால் இந்த முறை புத்தாண்டு வணக்கம் சொல்வதைத் தவிர்க்கிறோம் என்று நான்கு வரி அச்சு. சாவு விழுந்த வீட்டிலிருந்து டிசம்பரில் எல்லோருக்கும் போகிற கார்டுதான். செத்தவர் பெயரை வழக்கமாக இரண்டாவது வரியில் போடுவார்கள். இதில் போடவில்லை. அனுப்பியவர் இடத்தில் 'இசோபே குடும்பம், ஹமாசாகி' என்று மட்டும் இருந்தது.

"யாரு செத்தாங்கன்னு இதுல இல்ல" என்றாள் குசுமி.

"கல்யாணமே கட்டாத ஆளு. புள்ள குட்டி கிடையாது. தனியா இருந்தாரு. அந்த வீட்டுலேர்ந்து சாவு கார்டு வந்தா வேற யாரு செத்திருப்பா? வீட்டுப் பூனையா?"

ஹனவா சிரித்துவிட்டு, குசுமியின் முகத்தைப் பார்த்துச் சோற்றுருண்டையைக் கடித்துக்கொண்டான்.

"ரெண்டு வாய் சொல்லணும், ஒரு காகிதம் வேணும். நீங்க போட்ட சட்டம்தானே?" தாஜிமா விரல் விட்டு எண்ணினார். "அவரோட பழைய மேனேஜர் ஒரு வாய். அக்டோபர்ல அந்த வீட்டுலேர்ந்து சாவு வண்டி போனதப் பாத்த மீன்கடைக்காரன் ரெண்டாவது வாய். காகிதம் இந்தா."

"மேனேஜரும் கார்டப் பாத்துட்டுதான் சொல்றாரு. மீன்கடைக்காரன் வண்டியத்தான் பாத்தான், பெட்டிக்குள்ள யாருன்னு பாக்கல."

"போன் பண்ணுங்க, அப்ப."

"காலையிலேர்ந்து பதினாறு தடவ பண்ணிட்டேன். எடுக்கல."

"செத்தவன் எப்படி எடுப்பான்? நிலைய டைரக்டர் இரங்கல் பேசி ரெக்கார்டும் பண்ணியாச்சு. நம்ம ஊர்ப் பாடகர நம்ம சேனல் மட்டும் விட்டுச்சுன்னா, அதுக்கும் நீங்கதான் பதில் சொல்லணும்."

ஐந்து மணிக்கு நிகழ்ச்சி. நாலு மணிக்கு நாடா கீழே ஒளிபரப்பு அறைக்குப் போய்விடும். போனபின் யாரும் தொடமுடியாது.

குசுமி கோட்டை எடுத்து மாட்டினாள்.

எட்டு வருடங்களுக்கு முன் இதே நிகழ்ச்சியில் ஒரு பழைய பேஸ்பால் வீரரை அவள் சாகடித்திருக்கிறாள். அதே பெயர், அதே வயது, பக்கத்து மாகாணத்தில் வேறொரு மனிதர் செத்திருந்தார். அவள் உயிரோடிருந்தவரின் படத்தைப் போட்டாள். அந்த மனிதர் பெருந்தன்மையாகச் சிரித்து விட்டுவிட்டார். முதியோர் இல்லத்தில் அந்த நிகழ்ச்சியைப் பார்த்த அவருடைய தாய்க்குத் தொண்ணூற்றிரண்டு வயது. மகன் நேரில் வந்து உட்கார்ந்தபிறகும் தாய் நம்பவில்லை, சாப்பாட்டைத் தொடவில்லை. பன்னிரண்டாம் நாள் போய்விட்டாள். அடுத்த வருடப் பட்டியலில் அந்தத் தாயை யாரும் போடவில்லை. பிரபலம் இல்லையே.

டைரக்டர் அன்று கத்தவில்லை. "இன்னொரு தடவன்னா நீங்களே கெளம்பிடுங்க" என்று மட்டும் சொன்னார். அந்தப் பேச்சு இன்னும் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது.

ரயில் பனியில் இருபது நிமிடம் நின்றது. ஹமாசாகியில் இறங்கி டாக்சி பிடித்து, தெருமுனையில் அதை அனுப்பிவிட்டு அவள் வாசலுக்கு வந்தபோது மணி மூன்றேகால். கடலிலிருந்து வந்த காற்று பனியைப் பக்கவாட்டில் அடித்தது. அழைப்புமணியை அழுத்தினாள். பதில் இல்லை. மறுபடி அழுத்தினாள்.

அப்போதுதான் படியைக் கவனித்தாள். பனி வாரி ஒதுக்கப்பட்டிருந்தது. வாசலிலிருந்து தெருமுனைக் குப்பைக்கூண்டு வரை ஒரு ஜோடி பூட்ஸ் தடம் போய்த் திரும்பியிருந்தது. பெரிய கால். ஆம்பிளைக் கால். தடத்தின்மேல் இன்னும் பனி சரியாக விழவில்லை.

"ஐயா! நீகாதாவிலேர்ந்து வரேன்! டிவி!"

கதவு நான்கு விரல் அகலம் நகர்ந்தது. உள்ளே இருட்டில் ஒரு நீண்ட முகம், பஞ்சு வைத்துத் தைத்த மேலங்கி. ஒலித்தட்டு உறைகளில் ஆயிரம் தடவை பார்த்த முகம்தான், இரண்டு கன்னங்களும் உள்ளே விழுந்திருந்தன.

"இசோபே ஐயாவா?"

"அவரு செத்துட்டாரே. கார்டு வரலியா?"

கதவு மூடப்போனது. குசுமி இடுக்கில் காலை வைத்தாள்.

"சாவு வீட்டுல கால வெச்சு அடைக்கிறியே, வெக்கமா இல்ல?"

"வெக்கமெல்லாம் அப்புறம் படறேன். கால் நசுங்குது, தெறங்க."

அவர் அவளைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு கதவை விட்டுவிட்டு உள்ளே நடந்தார். அவள் காலணியைக் கழற்றிப்போட்டுப் பின்னால் போனாள்.

கூடத்தில் கறுப்புத் தொலைபேசி, மேலே பூத்தையல் போட்ட துணி. அதற்கடுத்த அறையில் கணப்பு மேசை, அடியில் சூடும் மேலே மெத்தைப் போர்வையுமாக. மூலையில் புதுப் பூசை அலமாரி, ஊதுபத்தி, ஒரு கிண்ணம் சோறு, ஒரு பெண்ணின் படம். அறுபது வயது இருக்கும். யாரோ கூப்பிட்டுத் திரும்பியபோது எடுத்த மாதிரிப் படம்.

"இவங்க யாரு?"

"நுயி."

"சொந்தமா?"

"பொண்டாட்டி" என்றார் இசோபே. அந்தச் சொல்லை வாயில் வைத்துப் பழக்கமில்லாதவர்போலச் சொன்னார். "முப்பத்தெட்டு வருஷம். கம்பெனிக்காரன் வெளிய சொல்லாதேன்னான். கல்யாணம் கட்டாத பாடகன்னாதான் பொம்பளைங்க பாட்டுத்தட்டு வாங்குவாங்களாம். அப்புறம் கம்பெனி போச்சு, தட்டும் போச்சு. சொல்லாத பழக்கம் மட்டும் போகல. ஊருல இவள வேலைக்காரின்னுதான் நெனச்சானுங்க."

குசுமிக்கு எல்லாம் ஒரே வீச்சில் விளங்கியது. சாவு வண்டியில் போனது நுயி. பிறகு வேலைக்காரி கண்ணில் படவில்லை. முதலாளி செத்ததும் அவள் போய்விட்டாள் என்று ஊர் கணக்குப் போட்டது. இவரும் வெளியே வரவில்லை.

"கார்டுல அவங்க பேரு ஏன் போடல?"

"போட்டா யாரு அதுன்னு கேப்பானுங்க. பாதி வருஷம் அதுக்கு பதில் சொல்லணும்."

"ஐயா, இன்னிக்கு அஞ்சு மணிக்கு உங்கள செத்தவங்க வரிசைல போடறாங்க."

"தெரியும். மேனேஜர் கடுதாசி போட்டிருந்தான், குடும்பத்தாருக்குன்னு. படிச்சேன்." அவர் கணப்பு மேசைக்குள் காலை நீட்டினார். "போடட்டும். நல்லதாப் போச்சு. எவனும் கதவு தட்ட மாட்டான், எவனும் மைக்க நீட்டி ஒரு வரி பாடுங்கன்னு சொல்ல மாட்டான். நான் செத்தா அழறதுக்கு ஆள் கெடயாது. யாருக்கு என்ன நஷ்டம்?"

"எனக்கு" என்றாள் குசுமி. "வேலை போயிடும். இந்த வயசுல வேற எவனும் தர மாட்டான்."

"நெஜத்தப் பேசற. டிவிக்காரி மாதிரி இல்ல."

"போன் பண்ணிக்கட்டுமா?"

"பண்ணிக்க. நான் பேச மாட்டேன்."

மூன்று முப்பத்தாறு. மணி ஒருதரம் அடிப்பதற்குள் தாஜிமா எடுத்தார்.

"உயிரோட இருக்காரு" என்றாள் அவள். "எதிர்ல உக்காந்திருக்காரு. வெட்டுங்க."

"குடுங்க அவர்ட்ட."

"பேச மாட்டேங்கறாரு."

"குசுமி அம்மா, உயிரோட இருக்கற மனுஷன் பேச மாட்டேங்கறாரா? எட்டு வருஷமா நீங்க ஒவ்வொரு பொணத்தையும் தட்டித்தட்டிப் பாக்கறீங்க. புரியுது. ஆனா பயத்துல ஆளு உக்காந்திருக்கற மாதிரி தெரியும்."

"நான் பொய் சொல்லல."

"போடறதுக்கு ரெண்டு வாய்னா எடுக்கறதுக்கும் ரெண்டு வாய். உங்ககிட்ட ஒண்ணுதான் இருக்கு, அதுவும் ஏற்கெனவே ஒருதடவ பெசகின வாய். அவரு குரல் கேட்டா இப்பவே வெட்டறேன். கேக்கலன்னா நாலு மணிக்கு நாடா கீழ போகுது."

அவள் தொலைபேசிக் குழாயை மார்போடு அழுத்திக்கொண்டு அறைவாசலில் நின்றாள். கம்பி அதுவரைதான் வந்தது.

"ஒரு வார்த்த ஐயா. 'நான்தான்'னு சொல்லுங்க, போதும்."

தலையாட்டினார்.

"இருமுங்க. இருமினாக்கூடப் போதும்."

"இருமலயும் அவ கூடவே அனுப்பிட்டேன்" என்றார், தொலைபேசிக்கு எட்டாத தணிந்த குரலில். கண்ணை மூடிக்கொண்டார். கள்ளக் கிழவன்.

மூன்று நாற்பத்தொன்று. பூசை அலமாரியில் ஊதுபத்திச் சாம்பல் வளைந்து உடைந்தது. குசுமி அந்தப் பெண்ணின் படத்தைப் பார்த்தாள். நாற்பத்திரண்டாவது ஆளுக்கான வாசகம் அவளுக்கு மனப்பாடம். பழைய பத்திரிகை நறுக்குகளோடு ஒப்பிட்டு, வரிக்குவரி சிவப்புப் பேனாவில் சரி போட்டது அவள்தான். அதில் ஒரு வரி இருந்தது.

செய்யலாமா என்று யோசிக்க அவளிடம் நேரம் இருந்தது. யோசித்தாள். பிறகு குழாயைக் காதுக்குக் கொண்டுபோனாள்.

"ஹனவா கிட்ட குடுங்க... ஹனவா? நாப்பத்திரண்ட ஓட்டு. ரிசீவர ஸ்பீக்கர் பக்கத்துல வை. சத்தமா."

"அக்கா, இப்ப எதுக்கு..."

"ஓட்டுடா."

கம்பியை இழுத்த மட்டும் இழுத்து, கையை நீட்டி, குழாயைக் கிழவரின் பக்கம் பிடித்தாள். பியானோ. பிறகு பெண் அறிவிப்பாளரின் வழவழப்பான குரல், கொசுவின் அளவில் சின்னதாக, ஆனால் தெளிவாக வந்தது.

"பாடகர் இசோபே தொகுஜிரோ. எழுபத்தேழு வயது. துறைமுகத்தின் தனிமையைப் பாடிய குரல். வாழ்நாள் முழுவதும் மணம்புரியாமல், துணையென்று யாருமின்றி, பாட்டு ஒன்றையே..."

கணப்பு மேசை ஒருபக்கம் தூக்கியது. எழுபத்தேழு வயது ஆள் அவ்வளவு விரைவாக எழுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. குழாயை அவள் கையிலிருந்து பிடுங்கினார்.

"யாருடா அது? யாருடா துணை இல்லேன்னது?" கூடத்துக் கண்ணாடி அதிர்ந்தது. குரல் எங்கேயும் போகவில்லை. "இசோபே பேசறேன்! எனக்குப் பொண்டாட்டி இருந்தா! பேரு நுயி! முப்பத்தெட்டு வருஷம் சோறு போட்டா, மேடைக்கு அங்கி தெச்சுக் குடுத்தா, அக்டோபர் ஒம்பதாம் தேதி செத்தா! எழுதிக்க!"

அந்தப் பக்கம் பியானோ நின்றது.

"ஐயா..." தாஜிமாவின் குரல் நடுங்கியது. "நீங்களேதானா?"

"நான் இல்லாம உன் தாத்தனா?"

"மன்னிச்சிடுங்க ஐயா, மன்னிச்சிடுங்க. இப்பவே எடுத்துடறோம். டேய் ஹனவா, வெட்டு, வெட்டு!" அடுத்துப் பேசியபோது அவர் குரலில் நடுக்கம் தீர்ந்திருந்தது. "ஐயா, மனைவிங்கறீங்களே... இது யாருக்குமே தெரியாதே. நாளைக்குக் காலைல கேமராவோட ஒரு ஆள..."

இசோபே குழாயை வைத்தார். வைத்த கையை அதன்மேலேயே வைத்திருந்தார்.

மூன்று நாற்பத்தேழு. ஹனவா கைவேகக்காரன். பன்னிரண்டு விநாடி ஓட்டையில் ஒரு கடல் காட்சியைப் போட்டு மூடுவான், நாலு மணிக்குள் முடிந்துவிடும்.

"என்ன எழுதியிருக்குன்னு உனக்குத் தெரியும்" என்றார் அவர், திரும்பாமலே.

"தெரியும்."

"தெரிஞ்சேதான் போட்ட."

"ஆமா."

"நாளைக்கு வருவானுங்க."

"வருவாங்க. ஒம்பது மணிக்கெல்லாம் நிப்பாங்க."

"நுயியப் பத்திக் கேப்பானுங்க. முப்பத்தெட்டு வருஷம் மறைச்சு வெச்சீங்களாமே, எப்படி இருந்துச்சுன்னு கேப்பானுங்க. இந்தப் படத்த எடுத்துப் போடுவானுங்க."

அவள் மன்னிப்புக் கேட்கலாம். கேட்டால் அவர் பதிலுக்கு ஏதாவது சொல்லவேண்டியிருக்கும். அந்தத் தொல்லையும் அவருக்கு எதற்கு?

"ஒரு ஊதுபத்தி வெச்சிட்டுப் போகட்டுமா, அவங்களுக்கு?"

"வேணாம்." அவர் அவளைக் கடந்து வாசலுக்குப் போனார். தாறுமாறாகக் கிடந்த அவளுடைய காலணிகளைக் குனிந்து, வாசலைப் பார்த்தபடி சேர்த்துவைத்தார். விருந்தாளிக்கு வைக்கிற மாதிரியே. "உன் வேலை தப்பிச்சுதுல்ல? போ."

அவள் காலணிக்குள் காலை நுழைத்துப் படியில் இறங்கினாள். பனி வாரிய இடத்தில் மறுபடி வெள்ளை படிந்திருந்தது. குனிந்து வணங்கினாள். நிமிர்ந்தபோது அவர் முகம் அங்கே இல்லை, கதவு மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. சட்டத்தில் மோதி நின்றது. பூட்டு திரும்பியது. பிறகு அதற்குக் கீழே இன்னொரு பூட்டு.