கேமரா மேல் விழுந்த பழி

கேமராக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் லேப்டாப் திறந்து கிடந்தது. கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. விடுப்பு முடிந்து அன்று காலைதான் வேலைக்குத் திரும்பியிருந்த அவள், அவரை எழுப்பாமல் தன் மேசையில் பையை வைத்தாள்.

அது ஒரு கார் கம்பெனியின் சோதனைக்கூடம். ஜன்னல் இல்லாத நீள அறை. அங்கே கார் இருக்காது. காரின் உள்ளுறுப்புகள் மட்டும் மேசை மேசையாகப் பரப்பிக் கிடக்கும். நிஜக் காரில் இந்த உறுப்புகளின் ஒயர்கள் காரின் கணினிக்குப் போகும். இங்கே அந்தக் கணினியின் இடத்தில் அலுமினியப் பெட்டி ஒன்று நிற்கும். ஒயரில் வருவதை வாங்கி லேப்டாப்புக்குக் கொடுக்கும். அந்தப் பெட்டிகளுக்கு அவள்தான் பொறுப்பு என்பதால் கூடத்தில் அவளுக்குப் பெயரே பெட்டிக்காரி. மாமியாரின் முழங்கால் ஆபரேஷனுக்காக அவள் லீவில் போயிருந்த இடைவெளியில்தான் இந்தக் கேமரா வந்து சேர்ந்திருந்தது.

வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஓட்டுபவருக்குப் பின்புறத்தைக் காட்டும் கேமரா. ஒரு சின்னக் கம்பெனி செய்து கொடுப்பது. அந்தக் கம்பெனி அனுப்பிய ஆள்தான் கேமராக்காரர். சுவிட்சைப் போட்டவுடன் திரையில் படம் வந்துவிட வேண்டும். பெரும்பாலும் வந்தது. சில சமயம் மட்டும் ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் கழித்து வந்தது. அந்தச் சில சமயம்தான் கேமராக்காரரின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. அவருடைய கம்பெனியிலிருந்து புதுப்புது சாஃப்ட்வேர் வரும். அவர் ஏற்றிப் பார்ப்பார். படம் மறுபடியும் பிந்தும். அறிக்கையில் 'கேமராவில் கோளாறு' என்று இன்னொரு வரி ஏறும்.

அவள் சுவிட்சைத் தட்டும் சத்தத்தில் அவர் விழித்துக்கொண்டார்.

"நீங்கதான் பெட்டி மேடமா? மாமியாருக்கு ஆபரேஷன்னு சொன்னாங்க. நடக்கிறாங்களா?"

"நடக்கிறாங்க சார். எங்க எல்லாரையும் சேத்து நடக்க வைக்கிறாங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார், கொட்டாவிதான் வந்தது. "புது சாஃப்ட்வேர் ஒண்ணு அனுப்பியிருக்காங்க. அதுலயும் அதே கதைதான். எங்க ஆபீஸ்ல அதை எழுதுற பொண்ணு மண்டை காஞ்சு போய்க் கெடக்கு. எதைத் தொட்டாலும் இதேதான் வருதுன்னு போன்ல அழுவுது."

"ஒயரை மாத்திப் பாத்தீங்களா?"

"மாத்தியாச்சு. கேமராவையே மாத்தியாச்சு. இனிமே என்னைத்தான் மாத்தணும்."

அவளுக்கும் உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஒரு வாரம் படுத்துத் தூங்கிவிட்டு வந்து இதைப் பார்க்கலாம் போல இருந்தது. ஆனாலும் பழக்க தோஷத்தில் பெட்டியின் செட்டிங்ஸைத் திறந்தாள்.

இந்த ரக ஒயரில் மொத்தமே இரண்டு இழைதான். அதன் ஒரு முனையில் இருப்பது தாளம் போட வேண்டும், மறுமுனையில் இருப்பது அந்தத் தாளத்துக்கு நடக்க வேண்டும். கேமரா எப்போதும் நடக்கிற பக்கம். தாளம் போடுவது பெட்டியின் வேலை. எல்லாப் பெட்டிகளையும் அப்படி அமைத்துவிட்டுத்தான் அவள் லீவில் போயிருந்தாள். இப்போது அந்த இடத்தில் 'ஆட்டோ' என்றிருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். ஆட்டோதான்.

ஆட்டோ என்றால் பெட்டி தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யும். சுவிட்சைப் போட்டதும் சில தடவை உடனே தாளத்தைத் தொடங்கிவிடும். சில தடவை எதிர்ப்பக்கம் தொடங்கட்டும் என்று காத்திருக்கும். கேமராவும் காத்திருக்கும். கொஞ்ச நேரம் இருவரும் சும்மா இருந்துவிட்டு, பிறகு பெட்டி மனம் மாறித் தானே தொடங்கும். படம் பிந்தியது அதனால்தான்.

அவள் செட்டிங்கைப் பழையபடி மாற்றினாள். சுவிட்சைப் போட்டாள். படம் வந்தது. அணைத்துப் போட்டாள். வந்தது. விரல் வலிக்கும்வரை தட்டினாள். ஒரு தடவைகூடப் பிந்தவில்லை.

நடுவில் கணவர் போன் செய்தார். "அம்மா காலை மடக்க மாட்டேங்கிறாங்க. நீ சொன்னாத்தான் செய்வாங்களாம்."

"அத்தைகிட்ட குடுங்க... அத்தே, வலிக்கும்தான். மெதுவா மடக்குங்க. நான் வந்து பாப்பேன்." போனை வைத்துவிட்டுக் கேமராக்காரர் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க முதமுதல்ல கொண்டுவந்த சாஃப்ட்வேர் இருக்கா?"

இருந்தது. ஏற்றினார்கள். அதிலும் படம் சட்டென்று வந்தது. ஒவ்வொரு முறையும் வந்தது.

அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்போ மொதல்ல குடுத்ததே சரியாத்தான் இருந்திருக்கு."

"ஆமா சார். கோளாறு எங்க பெட்டில."

அவர் சத்தம் போடுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து இரு கைகளாலும் முகத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டார். "தண்ணி இருக்கா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

அவளுடைய மேனேஜர் தன் அறையில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் பதில் எழுதிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுக் கை நின்றது. பெட்டிக்குச் சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பை ஏற்றினால் செட்டிங்ஸ் எல்லாம் அழிந்து, வாங்கியபோது இருந்தபடி ஆகிவிடும். அவள் இல்லாதபோது அதை ஏற்றியவர் அவர்தான்.

"நானா ஏத்துனேன்?"

"நீங்கதான் சார்."

"உனக்கு லீவுல தொந்தரவு குடுக்க வேணாம்னு பாத்தேன்." அவர் கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கூடத்தைப் பார்த்தார். "சரி, மீட்டிங்ல நானே சொல்லிடறேன்."

மதியம் மீட்டிங்கில் அவர் சொன்னார்: "சோதனை அமைப்புல சின்னதா ஒரு மாற்றம் செஞ்சோம். கேமரா தரப்புலயும் நல்ல ஒத்துழைப்பு. இப்ப எல்லாம் சரியா இருக்கு." இப்படிப் பூசி மெழுகியதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கேமராக்காரரும் தலையாட்டினார். அவருக்குக் கேமரா தேறினால் போதும். பெரிய கம்பெனியோடு மல்லுக்கு நின்று வெல்லும் தெம்பு அவரிடம் இல்லை.

அவள் தன் இடத்துக்கு வந்து எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் எழுதினாள். கோளாறு பெட்டியின் செட்டிங்கில் இருந்தது, கேமராவில் முதலிலிருந்தே பிழை எதுவும் இல்லை, பழைய அறிக்கைகளைத் திருத்த வேண்டும் என்று எழுதினாள். யார் ஏற்றியது என்று எழுதவில்லை. அனுப்புவதற்குமுன் மேனேஜரிடம் காட்டினாள்.

"இவ்வளவு விவரமா எழுதணுமா?"

"எழுதணும் சார்."

அவர் இன்னொரு தடவை படித்தார். "அனுப்பு," என்று சொல்லிவிட்டுத் தன் திரைக்குத் திரும்பிக்கொண்டார்.

கேமராக்காரர் ஒயர்களைச் சுருட்டித் தன் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். "மேடம், ஒரு உதவி. எங்க ஆபீஸ் பொண்ணுகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்களேன். நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனைச்சுக்கும்."

போனைக் கொடுத்தார். எதிர்முனையில் தொண்டை கட்டிய குரல் கேட்டது. அவள் தான் யார் என்று சொன்னாள். பிழை தங்கள் பக்கம் என்பதையும் சொன்னாள். "உங்க சாஃப்ட்வேர் முதல்லேர்ந்தே சரியாத்தாம்மா இருந்துச்சு. உங்களைப் படுத்திட்டோம்."

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது.

"அப்போ நான் மாத்தினதையெல்லாம் திரும்பப் பழையபடி ஆக்கணுமா மேடம்?"

"ஆமாம்மா. முதல்ல குடுத்ததுதான் வண்டில போகுது."

"இன்னிக்கேவா?"

"இன்னிக்கேவான்னு கேக்கறாங்க சார்," என்று அவள் கேமராக்காரரைப் பார்த்தாள். அவர் எட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"இன்னிக்கு ஒண்ணும் வேணாம். லேப்டாப்பை மூடிட்டு வீட்டுக்குப் போ. யாராச்சும் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

பிறகு அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சுருட்டாமல் விட்ட கடைசி ஒயரை எடுத்தார். அவள் அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.